பேபிளேடு எக்ஸ்: பாகங்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

3-60எஃப். ஒன்றோடு ஒன்று மோத விட்டு ஆடும் பேபிளேடு எக்ஸ் பம்பரம் ஒன்றை வாங்கினால், பெட்டியில் பெயருக்குப் பக்கத்தில் இப்படி ஒரு குறியீடு அச்சாகியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. மேலே இருக்கும் டிராகன் முகத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். என் அக்கா மகனும் அப்படித்தான் மூன்று பம்பரம் வாங்கினான். மூன்றுமே சீறிப் பாய்ந்து ஓடும் வகை. எதிரில் அமைதியாக நின்று சுற்றும் ஒரு பம்பரம் வந்தால் மூன்றும் வரிசையாகக் களைத்து விழுந்தன. அவன் அழுதுகொண்டு வந்து நின்ற அன்றுதான் நான் உட்கார்ந்து அந்தக் குறியீட்டைப் படிக்கத் தொடங்கினேன்.

முகம் ஆட்டத்தில் எதையும் மாற்றுவதில்லை. பம்பரம் எப்படி ஆடும் என்பதைச் சொல்வது அந்த எண்ணும் எழுத்தும்தான். அதைப் படிக்கத் தெரிந்துவிட்டால், பெட்டியைத் திறக்காமலே உள்ளே இருப்பது ஓடுமா, நிற்குமா, எவ்வளவு உயரத்தில் மோதும் என்று சொல்லிவிடலாம்.

முதலில் கொஞ்சம் பின்னணி. ஜப்பானில் பேகோமா என்று ஒரு பழைய பம்பர விளையாட்டு உண்டு. கடல் சங்குக்குள் மணலை அடைத்து, மெழுகால் மூடிச் சுற்றியதில் தொடங்கி, பிறகு வார்ப்பிரும்பில் செய்தார்கள். வாளியின் வாய்மேல் துணியை இழுத்துக் கட்டி, அதன்மேல் இரண்டு பம்பரங்களை மோத விடுவார்கள். எதிராளியின் பம்பரத்தை வெளியே தள்ளியவருக்கு வெற்றி. பிள்ளைகள் தங்கள் பேகோமாவை அரத்தால் தேய்த்து, விளிம்பைக் கூராக்கி, உயரத்தைக் குறைத்து, தங்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்வார்கள். டகாரா நிறுவனம் 1999-இல் பேபிளேடைக் கொண்டுவந்தபோது, அரம் பிடித்துச் செய்த அந்த வேலையைப் பாகங்களைக் கழற்றி மாட்டும் வேலையாக மாற்றியது. 2006-இல் டகாராவும் டோமியும் இணைந்து டகாரா டோமி ஆயின. இப்போது கடைகளில் கிடைக்கும் எக்ஸ் வரிசை ஜப்பானில் 2023 ஜூலையில் வந்தது. ஆசியாவுக்கு வெளியே இதையே ஹாஸ்ப்ரோ வேறு பெயர்களில் விற்கிறது. டிரான் சோர்ட் என்ற பம்பரம் அங்கே சோர்ட் டிரான் ஆகிவிடும். பெயர் மாறினாலும் பாகங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தும்.

சரி, பம்பரத்தைக் கையில் எடுங்கள்.

முதல் படி: கழற்றிப் பாருங்கள்

மேல்பாகத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கீழ்ப்பாகத்தை மற்றக் கையால் திருப்பினால் இரண்டும் பிரியும். கீழே வந்த துண்டிலிருந்து அடிமுனையை இழுத்தால் அதுவும் தனியாக வரும். மூன்று பாகங்கள், அவ்வளவுதான். மேலே இருப்பது பிளேடு. நடுவில் இருப்பது ராட்செட். அடியில் தரையைத் தொடுவது பிட்.

திரும்பப் பூட்டும்போது முதலில் பிட்டை ராட்செட்டுக்குள் செருகுங்கள். பிறகு பிளேடின் அடியில் அதை அமர வைத்து, அழுத்தித் திருப்புங்கள். பூட்டிக்கொண்டது கையிலேயே தெரியும். ஒரு பத்துத் தடவை கழற்றி மாட்டிப் பழகுங்கள். இறுக்கம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று விரலுக்குத் தெரிந்தால்தான், பின்னால் ஒரு பாகம் தேய்ந்திருக்கிறதா, போலியா என்று கண்டுபிடிக்க முடியும்.

இரண்டாம் படி: பிளேடு

பிளேடு என்றதும் கூரான ஒன்றை நினைக்க வேண்டாம். துத்தநாகக் கலவை உலோகமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த வட்டு இது. மொத்தப் பம்பரம் நாற்பது கிராமுக்குச் சற்று மேல் இருந்தால், அதில் சுமார் முப்பத்தைந்து கிராம் இந்த ஒரு பாகம்தான்.

பிளேடைப் பார்க்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, விளிம்பின் வடிவம். டிரான் சோர்டில் மூன்று பெரிய மேடுகள் துருத்திக்கொண்டு நிற்கும். அவை எதிராளியை ஓங்கி அடிக்கும். அதே அடியின் எதிர்விசை தன்னையும் தூக்கி எறியும். விசார்ட் ஆரோ போன்றவற்றில் விளிம்பு வட்டத்துக்கு நெருக்கமாக இருக்கும். அடி வந்தாலும் வழுக்கிப் போகும்.

இன்னொன்று, உலோகம் எங்கே இருக்கிறது என்பது. ஒரே எடையை நடுவில் வைப்பதும் ஓரத்தில் வைப்பதும் ஒன்றல்ல. ஓரத்தில் எடை இருந்தால் சுழற்ற அதிக விசை வேண்டும். ஆனால் ஒருமுறை சுழன்றுவிட்டால் எளிதில் நிற்காது. எக்ஸுக்குள்ளேயே 2024-இல் தொடங்கிய யூஎக்ஸ் என்ற துணை வரிசையில் உலோகத்தை வெளி ஓரத்துக்குத் தள்ளிவிட்டார்கள். அந்த வரிசையில் வந்த விசார்ட் ராட் 5-70டிபி நீண்ட நேரம் நின்று சுற்றுவதற்குப் பேர்போனது. அதன் பிளேடைக் கையில் வைத்துப் பார்த்தாலே காரணம் புரியும்: ஓரத்தில்தான் உலோகம்.

சுற்றும் திசையையும் பாருங்கள். பெரும்பாலான பிளேடுகள் வலப்பக்கம் சுற்றும். கோபால்ட் டிரகூன் இடப்பக்கம் சுற்றும். அதற்கு இடப்பக்க லாஞ்சர், அதாவது பம்பரத்தைச் சுழற்றி விடும் கருவி, தனியாக வேண்டும். எதிர்த் திசைகளில் சுற்றும் இரண்டு பம்பரங்கள் உரசும்போது பற்சக்கரங்கள் போல ஒன்றை ஒன்று ஓட்டிவிடும். வேகம் குறைந்தது வேகம் கூடியதிடமிருந்து சுழற்சியை வாங்கிக்கொள்ளும். பார்க்க அழகான விஷயம். ஆனால் முதல் பம்பரமாக இடப்பக்க வகையை வாங்க வேண்டாம்.

2025-இல் வந்த சிஎக்ஸ் வரிசையில் பிளேடே மூன்றாகப் பிரியும்: நடுவில் லாக் சிப், அதைச் சுற்றி மெயின் பிளேடு, அடியில் அசிஸ்ட் பிளேடு. அதனால் குறியீட்டின் முன்னால் ஓர் எழுத்து கூடும். டிரான் பிரேவ் எஸ்6-60வி என்று இருந்தால், அந்த எஸ் அசிஸ்ட் பிளேடைக் குறிக்கிறது. பழகிய பிறகு இந்தப் பக்கம் வரலாம். தொடக்கத்தில் மூன்று பாகமே போதும்.

மூன்றாம் படி: ராட்செட்

3-60 என்பதில் முதல் எண், ராட்செட்டின் சுற்றில் எத்தனை மேடுகள் என்பது. இரண்டாவது எண் உயரம். 60 என்றால் 6.0 மில்லிமீட்டர், 80 என்றால் 8.0 மில்லிமீட்டர். 70-உம் உண்டு, 55-உம் உண்டு.

பேபிளேடைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. 2008-இல் தொடங்கிய மெட்டல் ஃபைட் காலத்தில் ஸ்டார்ம் பெகாசிஸ் 105ஆர்எஃப் என்று ஒரு பம்பரம் இருந்தது நினைவிருக்கிறதா? அந்த 105-உம் 10.5 மில்லிமீட்டர் உயரம்தான். ஆர்எஃப் என்பது ரப்பரில் செய்த தட்டை முனை.

60-க்கும் 80-க்கும் இடையே உள்ள இரண்டு மில்லிமீட்டரில் என்ன வந்துவிடப் போகிறது என்று தோன்றும். மோதும்போது யாருடைய பிளேடு யாருடைய எந்த இடத்தில் படுகிறது என்பதே அந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் இருக்கிறது. தாழ்ந்த பம்பரம் உயர்ந்ததன் அடிப்பக்கத்தில், அதாவது ராட்செட்டின் மேலேயே அடிக்க முடியும். அப்படி அடி விழுந்தால் ராட்செட் பிளேடுக்கு எதிராகத் திரும்பி, பூட்டு விட்டுப்போய், பம்பரம் துண்டு துண்டாகச் சிதறும். இதைத்தான் பர்ஸ்ட் என்கிறார்கள். உயரமான பம்பரத்துக்கு வேறு தொந்தரவும் உண்டு. எடை மேலே போவதால் வேகம் குறைந்ததும் தள்ளாட ஆரம்பிக்கும். அதற்காக எல்லாவற்றுக்கும் தாழ்ந்த ராட்செட் போட முடியாது. தாழ்ந்தது சற்றுச் சாய்ந்தாலே தரையை உரசும். உரசினால் சுழற்சி போயிற்று.

மேடுகளின் எண்ணிக்கைக்கு வருவோம். மேடு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அடி வாங்கும் இடம் அது. ஒன்பது மேடு உள்ள 9-60 கிட்டத்தட்ட வட்டமாக இருப்பதால் எதுவும் வந்து மாட்டுவதற்கு இடம் குறைவு. 1-60-இல் ஒரே ஒரு மேடு. எடை ஒரு பக்கமாகச் சாயும், ஆனால் அடி விழக்கூடிய இடமும் ஒன்றுதான். வாங்குமுன் ஒரு சின்னச் சோதனை: பிளேடில் ராட்செட்டை மாட்டி, மேலிருந்து நேராகப் பாருங்கள். ராட்செட்டின் மேடுகள் பிளேடின் நிழலுக்குள் மறைந்துவிட்டால் நல்லது. இடைவெளியில் எட்டிப் பார்த்தால் அங்கேதான் அடி விழும்.

நான்காம் படி: பிட்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள். சுமார் இரண்டு கிராம் எடையுள்ள பிளாஸ்டிக் துண்டு, ஆனால் பம்பரத்தின் குணம் முழுவதும் இதில்தான் இருக்கிறது. நம் மரப் பம்பரத்தில் ஆணி செய்யும் வேலை. ஆணி கூராக இருந்தால் பம்பரம் ஒரே இடத்தில் நின்று சுற்றும், மழுங்கினால் அலையும் என்று பம்பரம் விட்ட யாருக்கும் தெரியும். பிட்டும் அதே கதைதான்.

எஃப் என்றால் ஃபிளாட், தட்டை முனை. தரையில் படும் பரப்பு அதிகம். சுழற்சி தரையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும். சுற்றுப் பாதையில் சீறும், மோதும், சீக்கிரம் களைக்கும். எல்எஃப் அதையே இன்னும் தாழ்வாக்கியது. என் என்றால் நீடில், ஊசி முனை. நடுவில் அசையாமல் நிற்கும். ஓங்கி அடித்தால் எளிதில் சாயும். பி என்றால் பால், உருண்டை முனை. தள்ளிவிட்டாலும் உருண்டு நிலைக்கு வரும். நீண்ட நேரம் சுற்ற வேண்டுமானால் முதலில் இதை முயலுங்கள். டி என்பது டேப்பர். ஓரம் சரிந்து, நுனியில் சின்னத் தட்டை வைத்தது. ஓடவும் செய்யும், நிற்கவும் செய்யும். எப்படி விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. விசார்ட் ராடில் வரும் டிபி, அதாவது டிஸ்க் பால், உருண்டைக்கு மேலே அகலமான தட்டு ஒன்றை வைத்திருக்கிறது. பம்பரம் சாய்ந்து விழப் போகும்போது அந்தத் தட்டு தரையைத் தொட்டுத் தாங்கிக்கொள்ளும். கடைசி மூன்று நான்கு வினாடிகளில் வெற்றி கைமாறுவது இதனால்தான். எச் என்று முன்னால் சேர்ந்தால் பெரும்பாலும் உயரம் கூடியது என்று பொருள். எச்என், எச்டி எல்லாம் அப்படித்தான். ஆனால் தனி எச் மட்டும் இருந்தால் அது ஹெக்சா, அறுகோண முனை. இதில் பலரும் குழம்புகிறார்கள்.

எக்ஸ் வரிசைக்கே உரிய விஷயம் பிட்டின் முனைக்கு மேலே இருக்கிறது. அங்கே சுற்றிலும் பற்கள் வெட்டியிருப்பதைப் பாருங்கள். பம்பரங்கள் மோதும் களமான ஸ்டேடியத்தின் ஓரத்திலும் பற்கள் வைத்த தண்டவாளம் ஓடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பரம் ஓரத்துக்கு வந்ததும் இரண்டு பற்களும் கவ்விக்கொள்ள, சுழற்சி அப்படியே முன்னோக்கிய ஓட்டமாக மாறும். கண்ணுக்குப் பிடிபடாத வேகத்தில் பாய்ந்து போய் மோதும். இதற்கு எக்ஸ்ட்ரீம் டேஷ் என்று பெயர்.

பற்களின் எண்ணிக்கை ஏன் முக்கியம் என்று பார்ப்போம். பம்பரம் ஒரு சுற்றுச் சுற்றினால், எத்தனை பல் இருக்கிறதோ அத்தனை பல் தூரம் தண்டவாளத்தில் நகரும். ஃபிளாட்டில் 12 பற்கள். ஆக்செல் எனப்படும் ஏ பிட்டில் 16. ஆக, அதே சுழற்சிக்கு ஆக்செல் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் தூரம் பாயும். ரஷ் எனப்படும் ஆர் பிட்டில் 10 மட்டுமே. பாய்ச்சல் குறைவு, ஆனால் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் செலவாகும் சுழற்சியும் குறைவு. நிறையப் பாய்ந்து சீக்கிரம் முடிப்பதா, குறைவாகப் பாய்ந்து கடைசிவரை தாங்குவதா என்பது உங்கள் விருப்பம். எனக்குத் தொடக்கக்காரர்களுக்கு ரஷ்தான் பிடித்தம். முதல் பாய்ச்சல் தவறினாலும் இரண்டாவது வாய்ப்புக் கிடைக்கும்.

பிட்டின் தண்டு இன்னொரு வேலையும் செய்கிறது. பூட்டு எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது என்பதும் பிட்டைப் பொறுத்தது. மோதி மோதி அடி வாங்கும் என்பதால், தாக்கும் வகைப் பிட்டுகளுக்குப் பர்ஸ்ட் ஆகாமல் தாங்கும் திறன் அதிகம் கொடுத்திருக்கிறார்கள். நீடிலும் பாலும் அவ்வளவு தாங்காது.

ஐந்தாம் படி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு, மூன்று பாகத்தையும் ஒரேயடியாக மாற்றிவிட்டு, தோற்றதும் எதனால் தோற்றோம் என்று தெரியாமல் நிற்பது. இதற்கு ஒரு நோட்டும் கைபேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்சும் போதும்.

பம்பரத்தைப் பெட்டியில் வந்தபடியே தனியாகப் பத்து முறை விடுங்கள். எவ்வளவு நேரம் சுற்றியது, எத்தனை முறை தண்டவாளத்தைப் பிடித்தது என்று எழுதுங்கள். பிறகு பிட்டை மட்டும் மாற்றி இன்னும் பத்து முறை. டிரான் சோர்ட் 3-60எஃப்-இல் எஃப்-ஐ எடுத்துவிட்டுப் பி-ஐப் போட்டுப் பாருங்கள். சீறிக்கொண்டிருந்த பம்பரம் நடுவில் போய் நின்றுகொள்ளும். பிளேடு அதேதான், ராட்செட் அதேதான். அக்கா மகன் இதைப் பார்த்த அன்று முகத்தைப் பார்த்து வாங்குவதை விட்டான். அப்புறம் ராட்செட்டை மாற்றுங்கள், 60-இலிருந்து 80-க்கு. தனியாக விடும்போது பெரிய வித்தியாசம் தெரியாது. எதிரில் இன்னொரு பம்பரம் இருந்தால்தான் தெரியும். அதனால் ராட்செட் சோதனைக்கு ஒரு துணை வேண்டும்.

விடும் கையும் ஒரு பாகம் மாதிரித்தான். பல் வைத்த பட்டையை இழுக்கும் லாஞ்சரும் உண்டு, கயிற்றை இழுக்கும் லாஞ்சரும் உண்டு. எதுவானாலும் லாஞ்சரைப் பிடித்த கை ஆடக்கூடாது. இழுக்கும் கை மட்டும் வேலை செய்ய வேண்டும். நின்று சுற்றும் பம்பரத்தைத் தரைக்குச் சமமாகப் பிடித்து நடுவில் விடுங்கள். ஓடும் பம்பரத்தைச் சற்றுச் சாய்த்து விட்டால் தண்டவாளத்தை நோக்கிப் போகும். அதிகம் சாய்த்தால் முதல் சுற்றிலேயே தானாக வெளியே பாய்ந்துவிடும்.

என்ன வாங்குவது

லாஞ்சரோடு வருவது ஸ்டார்ட்டர், பம்பரம் மட்டும் வருவது பூஸ்டர். முதலில் ஒரு ஸ்டார்ட்டர், அதோடு வேறு குணமுள்ள ஒரு பூஸ்டர். ஒன்று ஓடும் வகையாகவும் மற்றது நிற்கும் வகையாகவும் இருந்தால், மூன்று பாகங்களையும் மாற்றி மாற்றிப் பூட்டி எட்டு விதமான பம்பரங்கள் செய்யலாம். கற்றுக்கொள்ள அது தாராளம்.

எக்ஸ் ஸ்டேடியம் கட்டாயம் வேண்டும். தட்டிலோ வெறும் தரையிலோ, எக்ஸுக்கு முந்தைய ‘பேபிளேடு பர்ஸ்ட்’ வரிசையின் ஸ்டேடியத்திலோ விட்டால் தண்டவாளம் இருக்காது. பிட்டின் பற்களுக்கு வேலையே இல்லை. பழைய பாகங்கள் வீட்டில் இருந்தாலும் எக்ஸில் பொருந்தாது. டிரான்சர், டிரகூன் போன்ற பழைய பெயர்கள் எக்ஸிலும் மறுபடி வந்திருக்கின்றன. அவை எக்ஸுக்கென்றே புதிதாகச் செய்தவை.

போலிகளைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில், நான்கு பம்பரமும் ஸ்டேடியமும் சேர்த்து மிகக் குறைந்த விலைக்கு ஒரு பெட்டி வாங்கினேன். ஒன்றின் பூட்டு இரண்டாவது மோதலிலேயே விட்டது. இன்னொன்றைக் கழற்றவே முடியவில்லை. சமையலறைத் தராசில் வைத்தால் நல்ல பம்பரத்தை விட மிகவும் எடை குறைவு. பாகங்களைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று நினைப்பவருக்குப் போலி எதையும் கற்றுத் தராது. ஏனென்றால் அதில் பிட்டை மாற்றினால் வரும் மாற்றமும் பூட்டின் கோளாறால் வரும் மாற்றமும் ஒன்றாகக் கலந்துவிடும். பெட்டியில் நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள், எடை பாருங்கள், பூட்டைப் பாருங்கள்.

பாதுகாப்புக்கு இரண்டு வார்த்தை. நாற்பது கிராம் எடை வேகமாகச் சுற்றும்போது அது வெறும் பொம்மை அல்ல. ஸ்டேடியத்தின் மேல் இருக்கும் தெளிவான மூடியைக் கழற்றிவிட்டு ஆடாதீர்கள். சுற்றிக்கொண்டிருக்கும்போது குனிந்து முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். சின்னப் பிள்ளை வீட்டில் இருந்தால் பிட்டுகளை மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். வாயில் போடும் அளவுதான் அவை.

புள்ளிக் கணக்கும் பாகத் தேர்வும்

கடைசிவரை சுற்றி ஜெயித்தால் ஸ்பின் ஃபினிஷ், 1 புள்ளி. எதிராளியைப் பக்கத்துப் பள்ளத்தில் தள்ளினால் ஓவர் ஃபினிஷ், 2 புள்ளி. பர்ஸ்ட் ஆக்கினாலும் 2. பக்கத்துப் பள்ளங்களுக்கு நடுவே இருக்கும் பெரிய பள்ளத்தில் தள்ளினால் எக்ஸ்ட்ரீம் ஃபினிஷ், 3 புள்ளி. முதலில் 4 புள்ளி எடுத்தவருக்கு ஆட்டம்.

இந்தக் கணக்கைப் பாகங்களோடு சேர்த்துப் பாருங்கள். பால் பிட் போட்டுப் பொறுமையாக நிற்பவர் நான்கு முறை ஜெயிக்க வேண்டும். ஃபிளாட் போட்டுப் பாய்கிறவருக்கு இரண்டு நல்ல அடி போதும். ஆனால் அடி தவறும் ஒவ்வொரு முறையும் எதிராளிக்கு 1 புள்ளி போகும். ஐந்தில் மூன்று முறை தோற்றும் ஆட்டத்தை ஜெயித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பாய்ச்சல் பம்பரம் அடிக்கடி தோற்கிறது என்பதற்காக மட்டும் அதை ஒதுக்கிவிடாதீர்கள். அது ஜெயிக்கும்போது எத்தனை புள்ளி கொண்டுவருகிறது என்று நோட்டில் எழுதிப் பாருங்கள்.

போட்டிகளில் ஆளுக்கு மூன்று பம்பரம் கொண்டுபோய் ஆடும் முறை பரவலாக இருக்கிறது. அதில் ஒரே பாகத்தை இரண்டு பம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது. ஒன்றில் 3-60 போட்டால் மற்ற இரண்டிலும் 3-60 கிடையாது. ஒரு பிட்டுக்கும் இதே விதி. பாகங்களை அறுப்பது, தேய்ப்பது, எண்ணெய் போடுவது எதற்கும் அனுமதி இல்லை. எனவே மூன்றாவது பம்பரம் வாங்கும் நேரம் வந்தால், கையில் ஏற்கெனவே இல்லாத ராட்செட்டும் பிட்டும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று குறியீட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.